21 நாளில் ஏன் முடியவில்லை? ஒரு பழைய தோட்டத்து டிரஸரின் பதில்

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். வயது 29, செம்பனை எண்ணெய் ஆலையில் ஷிஃப்ட் வேலை. மலேசியாவின் பெஸ்தாரி ஜெயா பக்கம் ஒரு தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) மனைவி, அம்மா, ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு வேலை பார்த்து ஓய்ந்த அப்பா ஆகியோருடன் வீடு. போன வருடம் ஒரு தன்முனைப்புப் பயிலரங்குக்குப் போய் வந்து மூன்று தீர்மானம் எடுத்தீர்கள்: தினமும் நடப்பது, இருபது நிமிடம் படிப்பது, வீட்டில் கத்தாமல் பேசுவது. 21 நாள் விடாமல் செய்தால் பழக்கமாகிவிடும் என்று அங்கே சொன்னார்கள். மூன்று முறை முயன்றும் ஒன்பதாம் நாளைத் தாண்ட முடியவில்லை. "உனக்கு எதுவும் நிலைக்காது" என்று அப்பா சொல்ல, அது பெரிய வாக்குவாதமாகி, இப்போது இருவரும் பேசுவதில்லை. மனைவியும் அளந்துதான் பேசுகிறார். எனக்கு மனஉறுதி இல்லையா, நல்ல பழக்கத்தை எப்படி வளர்ப்பது, வீட்டில் எப்படிப் பேசுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

பார்த்தால் மூன்று கேள்வி மாதிரி இருக்கிறது. எழுதியிருக்கும் விதத்தில் ஒன்றுதான் தெரிகிறது: அப்பா சொன்னது உண்மையா? அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உண்மையில்லை. எதுவும் நிலைக்காத ஆள், காலை, மாலை, இரவு என்று ஷிஃப்ட் மாறி மாறி வந்தும் ஆறு வருடமாக நேரத்துக்கு ஆலையில் போய் நிற்க மாட்டார். அந்த வேலைக்கு உங்களைத் தவறாமல் கிளப்புவது எது என்று கொஞ்சம் யோசித்து வையுங்கள். நான் சொல்லப்போவதில் பாதி அங்கேதான் இருக்கிறது.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்பதையும் சொல்ல வேண்டும். கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் 31 வருடம் ஆஸ்பத்திரி அசிஸ்டென்டாக இருந்தேன். தோட்டத்து வழக்கில் டிரஸர். மனோதத்துவம் பட்டப்படிப்பாகப் படித்தவன் அல்ல. குடிப்பழக்கம், காசநோய், இனிப்பு நீர் (நீரிழிவு) இவற்றுக்காக நடந்த ஆலோசனைப் பயிற்சிகளுக்கு அனுப்பினார்கள், அதன்பிறகு ஆர்வத்தில் தேடிப் படித்தேன், அவ்வளவுதான். ஆனால் என் வேலையே இந்த இரண்டு விஷயம்தான். மாத்திரையைக் கையில் கொடுப்பது சுலபம். அதைத் தினமும் விழுங்க வைப்பதும், விழுங்காத நாளில் விழுங்கவில்லை என்று வாயைத் திறந்து சொல்ல வைப்பதும்தான் கஷ்டம்.

அந்த 21 நாள் கணக்கை முதலில் ஒதுக்கிவிடலாம். மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் தங்கள் புது முகத்துக்குப் பழகக் குறைந்தது சுமார் 21 நாள் ஆகிறது என்று தான் கவனித்ததை 1960ல் ஒரு நூலில் எழுதினார். மூக்கைத் திருத்திக்கொண்டவர் கண்ணாடி பார்த்துப் பழகுகிற கணக்கு அது. தினமும் எழுந்து நடப்பதற்கு அது எப்படிப் பொருந்தும்? பின்னால் வந்தவர்கள் "குறைந்தது" என்ற சொல்லைக் கழற்றிவிட்டார்கள், மேடைக்கு மேடை அது சட்டமாகிவிட்டது. உண்மையிலேயே அளந்து பார்த்தது லண்டனில் ஃபிலிப்பா லாலி என்பவரின் குழு. 2010ல் இதழில் வந்த ஆய்வு. 96 பேர், ஆளுக்கொரு புதுப் பழக்கம், 12 வாரம். சாப்பாட்டோடு ஒரு பழம், ஒரு குவளை தண்ணீர், சாயங்காலம் கொஞ்ச தூரம் ஓட்டம் என்ற மாதிரி. யோசிக்காமல் தானாகச் செய்கிற நிலைக்கு வர நடுவாந்தரமாக 66 நாள் ஆயிற்று. ஆனால் ஒருவருக்கு 18 நாளே போதும். இன்னொருவருக்கு 254 நாள் பிடிக்கும் என்று கணக்குக் காட்டியது. அந்த ஆய்வில் எனக்குப் பிடித்தது இந்த எண்கள்கூட இல்லை. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் உருவாவதில் சொல்லும்படியான பாதிப்பு இல்லை என்று கண்டார்களே, அதுதான். ஒரு நாள் விட்டால் திரும்பவும் ஒன்றிலிருந்து எண்ண வேண்டும் என்று உங்களுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். உங்களைக் கவிழ்த்தது அந்த விதிதான் என்பது என் எண்ணம். ஒன்பதாம் நாள் விட்டதில் தப்பில்லை. பத்தாம் நாள் வெட்கப்பட்டு உட்கார்ந்துவிட்டீர்கள். அதற்காக 66 என்பதைப் புதுச் சட்டமாக்கிக்கொள்ளவும் வேண்டாம். சின்ன ஆய்வு அது. எளிய காரியம் சீக்கிரம் ஒட்டும், சிரமமானது நாள் பிடிக்கும், ஆளுக்கு ஆள் வித்தியாசப்படும் என்ற அளவுக்கு நம்பலாம்.

அப்படியானால் பழக்கம் எதில் ஒட்டுகிறது? உங்கள் அப்பாவுக்கு இது நன்றாகத் தெரியும், இந்தச் சொற்களில் சொல்லாவிட்டாலும். விடியற்காலை நாலரைக்கெல்லாம் தோட்டத்தில் மணி அடிக்கும். லயத்தில் ஒவ்வொரு வீடாக விளக்கு எரியும், அடுப்புப் புகை கிளம்பும், கைக்குழந்தைகளை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுப் பெண்கள் ஓடுவார்கள். பெரட்டில், அதாவது காலை ஆள்கணக்கில், பேர் கூப்பிடும்போது ஆள் நிற்க வேண்டும். குளிர்ச்சி இருக்கும்போதே மரத்தில் கத்தி பட்டாக வேண்டும். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். இப்படி முப்பது வருடம் எழுந்தவர், அதைத் தன்னுடைய மனஉறுதி என்று நினைத்திருக்கலாம். நான் பார்த்ததைச் சொல்கிறேன். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, பிறகு நிலமும் கைமாறி, ஜனங்கள் தாமானுக்குக் குடிவந்த ஆறு மாதத்தில், அதே ஆட்கள் எட்டு மணி வரைக்கும் படுத்திருந்தார்கள். ஆள் அதே ஆள். மணிதான் இல்லை.

மணி இருக்கிற வரை பழக்கம் எவ்வளவு பிடிவாதமானது என்பதற்கும் நம் ஊரே சாட்சி. பத்தாங் பெர்ஜுந்தை என்ற பெயரை 2007ல் பெஸ்தாரி ஜெயா என்று மாற்றினார்கள். பலகையில் மாறியது, கடித உறையில் மாறியது. கடைத்தெருவில் யாராவது எங்கே போகிறீர்கள் என்று கேட்டால் என் வாயில் இன்றைக்கும் பழைய பெயர்தான் வருகிறது. வேண்டுமென்று சொல்வதில்லை. அதே கடைத்தெரு, அதே சாலை, அதே பஸ் நிறுத்தம். அவை பழைய சொல்லை வாயிலிருந்து இழுத்து எடுத்துவிடுகின்றன.

இதை நான் புரிந்துகொண்டது ஒரு கிழவரிடம். ரத்தக் கொதிப்பு மாத்திரை, ராத்திரி ஒன்று. அவர் மறந்துவிடுவார். அலமாரியில் வைத்தார், சாமிப்படத்துக்குப் பக்கத்தில் வைத்தார், மகள் சுவரில் எழுதி ஒட்டினாள், ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள் அவர் வீட்டுப் பக்கம் போனபோது பின்கட்டில் உட்கார்ந்து பால்வெட்டுக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகியிருந்தது! வெட்ட ஒரு மரம் கிடையாது, ஆனாலும் சாயங்காலம் ஆனால் கை கல்லைத் தேடும். மாத்திரை டப்பாவை அந்தத் தீட்டுக்கல்லுக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னேன். நேரம் இரண்டு மணி நேரம் முன்னே போனதால் டாக்டரிடமும் கேட்டுக்கொண்டேன். அதன்பிறகு மறந்தது மிகக் குறைவு. புதுப் பழக்கத்தைத் தனியாக நிறுத்தினால் நிற்காது. ஏற்கெனவே நிற்கிற ஒன்றில் சாய்த்து வைக்க வேண்டும்.

இதற்கு எங்கள் துறையிலேயே ஒரு பழைய ஆய்வு இருக்கிறது. 1965ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்கு டெட்டனஸ் நோயைப் பற்றிப் பயமுறுத்தும் விவரங்களைக் கொடுத்தார்கள். படித்தவர்கள் ஊசி அவசியம்தான் என்று ஒத்துக்கொண்டார்கள். போய்ப் போட்டுக்கொண்டவர்கள் நூற்றுக்குச் சுமார் மூன்று பேர். இன்னொரு பிரிவுக்கு அதே விவரத்தோடு மருத்துவ நிலையத்துக்கு வழி காட்டும் வரைபடத்தையும் கொடுத்து, வகுப்புகளுக்கு நடுவே எப்போது போவாய் என்று யோசிக்கச் சொன்னார்கள். அவர்களில் நூற்றுக்குச் சுமார் 28 பேர் போனார்கள். சின்ன ஆய்வுதான். ஆனால் "இது நடந்தால் இதைச் செய்வேன்" என்று முன்கூட்டியே முடிவு செய்வது உதவுகிறது என்பதைப் பிற்பாடு பீட்டர் கோல்விட்ஸர் போன்றவர்கள் திரும்பத் திரும்பச் சோதித்தார்கள். 2006ல் 94 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் பலன் தெரிந்தது. இதை உறுதியான பக்கத்தில் வைக்கிறேன். மனஉறுதி என்பது பெட்ரோல் டாங்கி மாதிரி, செலவழித்தால் தீர்ந்துபோகும் என்று சொல்கிறார்களே, அதைச் சந்தேகப் பக்கத்தில் வைக்கிறேன். ரொம்பக் காலம் பாடமாகவே இருந்தது அது. 2016ல் 23 ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து செய்து பார்த்தபோது அந்த விளைவு கிட்டத்தட்ட காணவே இல்லை. சண்டை இன்னும் ஓயவில்லை.

சரி, உங்கள் நடைக்கு வருவோம். "தினமும் காலை ஆறு மணிக்கு நடப்பேன்" என்று தீர்மானித்தீர்கள். ஷிஃப்ட்காரருக்கு ஆறு மணி என்பது ஒரு வாரம் எழும் நேரம், ஒரு வாரம் வேலை முடியும் நேரம், இன்னொரு வாரம் நடுத்தூக்கம். கடிகாரம் உங்களுக்கு மணி அடிக்காது. எந்த ஷிஃப்டாக இருந்தாலும் மாறாமல் நடக்கிற ஒரு காரியத்தைப் பிடியுங்கள். நான் யோசித்தவரை ஒன்று இருக்கிறது: பாதுகாப்பு பூட்ஸைக் கழற்றுவது. வாசல்படியில் பூட்ஸ் வைக்கிற இடத்திலேயே நடக்கிற சப்பாத்தை வைத்துவிடுங்கள். இது கழன்றதும் அது ஏற வேண்டும். தெரு முனை வரை போய்த் திரும்பினால் போதும், ஐந்து நிமிடம். சிரிப்பாக இருக்கும். முதல் ஒரு மாதம் நடப்பது உடம்புக்காக இல்லை, பூட்ஸ் மணி அடிப்பதற்காக. இரவு ஷிஃப்ட் முடிந்து தள்ளாடி வருகிற நாளில் சப்பாத்தைப் போட்டுக் கேட் வரை போய்விட்டு வந்து படுத்துக்கொள்ளுங்கள், அதுவும் கணக்கில் சேரும்.

உங்கள் மூன்றாவது தீர்மானத்தில் ஒரு கோளாறு இருக்கிறது, அதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும். "கத்தக் கூடாது" என்பதற்கு மணி கிடையாது. செய்யாமல் இருப்பதை எந்த நிமிடத்தில் செய்வது? நாள் முழுக்கக் காவல் காக்க வேண்டும், மனிதனால் ஆகாது. கத்துவதற்கோ மணி இருக்கிறது, நாம்தான் அதைக் கேட்பதில்லை.

என் கதையையே சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் எல்லோரிடமும் நிதானமாகப் பேசுகிற டிரஸர், வீட்டுக்கு வந்தால் வேறு ஆள். கேட்டைத் திறக்கும்போதே குரல் ஏறிவிடும். சைக்கிள் குறுக்கே கிடக்கிறது, குழாய் சொட்டுகிறது, யார் விளக்கை எரிய விட்டது. என் மகளுக்கு அப்போது பத்து வயது. "அப்பா கேட்டைத் திறந்தா நாங்க புத்தகத்தை எடுத்துக்குவோம்" என்று பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அன்றைக்குத்தான் கேட்தான் என் மணி என்று எனக்கு உறைத்தது. எனக்கு முன்னால் பிள்ளைகள் கண்டுபிடித்துவிட்டார்கள். ஒரு வாரம் எழுதி வைத்துப் பார்த்தேன். சத்தம் போட்ட நாளெல்லாம் மத்தியானம் சரியாகச் சாப்பிடாத நாள். அப்புறம் நான் செய்தது சின்ன ஏற்பாடு: கேட்டைத் திறந்ததும் நேராகப் பின்பக்கம் போய்க் கைகால் முகம் கழுவி, ஒரு தேத்தண்ணீர் குடிக்கும் வரை வீட்டு விஷயம் எதையும் பேசுவதில்லை. என் மனைவிக்கும் சொல்லிவிட்டேன், அவசரம் இல்லாத எதையும் தேத்தண்ணீருக்குப் பிறகு கேள் என்று. கோபம் போய்விட்டதா என்றால் இல்லை. பாதி விஷயங்கள் தேத்தண்ணீர் முடிந்தபின் சொல்லத் தகுந்ததாகவே இல்லை. நீங்களும் ஒரு வாரம் எதையும் மாற்றாமல், எப்போது கத்தினேன், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது என்று மட்டும் கைப்பேசியில் குறித்து வையுங்கள். தூக்கம் கெட்ட நாட்களோடு அது சேர்ந்து வரும் என்று நினைக்கிறேன். உங்கள் மணி வேறாகவும் இருக்கலாம். (கோபத்தை அடக்கக் கூடாது, தலையணையைக் குத்தியாவது தீர்த்துவிட வேண்டும் என்று சொன்னால் நம்பாதீர்கள். பிராட் புஷ்மன் என்பவர் 2002ல் வெளியிட்ட சோதனையில், கோபப்படுத்தியவரை நினைத்துக்கொண்டு குத்துமூட்டையைக் குத்தியவர்களுக்குக் கோபம் கூடத்தான் செய்தது.)

இனி பேச்சு. இதில் நான் பெருமைப்பட முடியாத ஒரு சம்பவத்திலிருந்துதான் கற்றுக்கொண்டேன். காசநோய்க்கு ஆறு மாத மருந்து. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, அடுத்த நான்கு மாதம் இரண்டு. இருமல் அதற்கு முன்பே நின்றுவிடும், ஆட்கள் மருந்தையும் நிறுத்திவிடுவார்கள். எங்களுக்கு ஒரு தந்திரம் உண்டு: ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும். ஒருவரிடம் தினமும் "மருந்து சாப்பிட்டாயா?" என்று கேட்பேன், "சாப்பிட்டேன்" என்பார். மூன்றாவது மாதம் ஒருநாள் சிறுநீரைப் பார்த்தேன், சாதாரண நிறம். வராந்தாவில் பத்துப் பேர் உட்கார்ந்திருக்க, "ஏன்யா பொய் சொல்றே?" என்று கேட்டுவிட்டேன். அவர் தலையைக் குனிந்தபடி போனார். மறுநாள் வரவில்லை. வேறு தோட்டத்தில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டார் என்றார்கள். மூன்று வாரம் மருந்து இல்லை.

தேடிக்கொண்டு போனேன். படியில் உட்கார்ந்தேன், கறுப்புக் காப்பி கொடுத்தார்கள். மன்னிப்புக் கேட்க எனக்கு அப்போது வரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். "அந்த மருந்து சாப்பிட்டா உடம்புக்கு என்ன செய்யுது?" என்று மட்டும் கேட்டேன். கொட்டினார். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டுகிறது. மேட்டுக்காட்டில் வேலை கொடுத்த நாளில் பால்வாளியைத் தூக்கிக்கொண்டு ஏற முடியவில்லை. அந்த நாட்களில் மட்டும் விட்டிருக்கிறார். டாக்டரிடம் சொல்லி நேரத்தை மாற்றினோம், விட்டுப்போன வாரங்களுக்காகச் சிகிச்சை நீண்டது, ஆனால் முடித்தார். மூன்று மாதம் முழுக்க நான் "சாப்பிட்டாயா" என்று கேட்டேனே தவிர, "எப்படி இருக்கு" என்று ஒருநாளும் கேட்கவில்லை. ஆமாம், இல்லை என்று இரண்டே பதில் உள்ள கேள்வி. அதில் ஒன்றுக்குத் திட்டு விழும். அவர் வேறு என்ன சொல்வார்?

இந்த வகைப் பேச்சைப் பாடமாக வகுத்தவர் வில்லியம் மில்லர் என்ற மனோதத்துவர், 1983ல் ஆரம்பித்து; பிறகு ஸ்டீஃபன் ரோல்னிக்கும் சேர்ந்துகொண்டார். அதுவும் குடிகாரர்களோடு வேலை செய்ததில் பிறந்ததுதான். மில்லர் குழு 1993ல் வெளியிட்ட ஒரு ஆய்வு என்னை உலுக்கியது. ஆலோசகர் எவ்வளவுக்கு எவ்வளவு எதிர்த்து இடித்துப் பேசினாரோ, அவ்வளவுக்கு அந்த ஆள் ஒரு வருடம் கழித்தும் அதிகம் குடித்தார். கள்ளுக்கடைக்குப் போகிறவர்களைப் பெயர் சொல்லித் திட்டுவது என் கடமை என்று நினைத்திருந்தவன் நான். இடித்ததால்தான் குடித்தார்களா, அதிகம் குடிக்கிறவர்களை அதிகம் இடித்தார்களா என்பதை இதிலிருந்து மட்டும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் திட்டினால் திருந்துவான் என்பதற்கு ஆதாரம் தேடினால் கிடைப்பதில்லை. மாற வேண்டிய காரணத்தை நாம் சொன்னால் எதிராளி மாறாமல் இருப்பதற்கான காரணத்தை எடுப்பார். அவரே சொல்லும்படி கேட்டால் அந்தச் சண்டை நடப்பதில்லை.

பயிலரங்கில் இன்னொன்றும் சொல்லியிருப்பார்கள்: பேச்சில் வார்த்தைக்கு 7 விழுக்காடுதான், குரலுக்கு 38, உடல்மொழிக்கு 55. ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967ல் செய்த இரண்டு சோதனைகளிலிருந்து எடுத்தது. தனித்தனிச் சொற்களை வெவ்வேறு குரலில், வெவ்வேறு முகத்தோடு காட்டி, இவர் விரும்புகிறாரா வெறுக்கிறாரா என்று கேட்டார்கள். குரலும் சொல்லும் முரண்பட்டால் ஆட்கள் எதை நம்புகிறார்கள் என்பதுதான் விஷயம். எல்லாப் பேச்சுக்கும் இது பொருந்தாது என்று அவரே சொல்லியிருக்கிறார். அப்பா சொன்ன மூன்று சொற்கள் உங்களை எத்தனை நாள் தூங்கவிடவில்லை? வார்த்தைக்கு 7 விழுக்காடுதான் என்றால் அது எப்படி?

அப்பாவிடம் எப்படி ஆரம்பிப்பது என்பதற்கு ஆய்வு எதுவும் காட்ட மாட்டேன். இது தோட்டப்புறத்தில் பார்த்ததிலிருந்து என் ஊகம், அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். "நீங்கள் இப்படிச் சொல்லும்போது நான் காயப்படுகிறேன்" என்று எதிரில் உட்கார்ந்து சொல்லும்படி சில இடங்களில் சொல்லித் தருகிறார்கள். நல்ல முறைதான். நம் அப்பாமாரிடம் அதைச் சொன்னால் நாடகம் ஆடுகிறான் என்று எழுந்து போய்விடுவார்கள். நம் வீடுகளில் அப்பாவும் மகனும் பேசுவதே பாதி அம்மா வழியாகத்தான். "அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு" என்பதுதான் சமாதானக் கொடி. அந்த வழியிலேயே போங்கள், ஆனால் அம்மாவைத் தூது விடாமல் நீங்களே கேளுங்கள். "பசியாறிட்டீங்களாப்பா?" போதும், முதல் நாளுக்கு. அவர் "ம்" என்றால் அதுவும் பதில்தான். பிறகு இருவரும் ஒரு வேலையில் கை வைத்திருக்கும்போது, மோட்டார் சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் போடும்போதோ வேலியோரம் புல் வெட்டும்போதோ, முகத்துக்கு முகம் பார்க்காமல், "பெரட்டுக்கு எத்தனை மணிக்கு எழுந்திருப்பீங்க?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு உங்கள் வழக்கை நடுவில் கொண்டு வராதீர்கள். அவர் சொன்னதில் ஒரு விஷயத்தைத் திருப்பிச் சொல்லி இன்னொன்று கேளுங்கள். ஆஸ்பத்திரியில் நாங்கள் மருந்து முறையைச் சொல்லிவிட்டு, "நான் சொன்னதை நீங்க ஒருதடவை சொல்லுங்க" என்போம். வீட்டில் அதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும், அவர் சொன்னதை நீங்கள் சொல்ல வேண்டும். "எதுவும் நிலைக்காது" என்று சொன்ன வாய்க்குள் என்ன பயம் இருந்தது என்று அப்போது தெரிய வரலாம். தெரியாமலும் போகலாம். சில அப்பாக்கள் கடைசி வரை சொல்வதில்லை. என் அப்பா சொல்லவில்லை.

மனைவி விஷயத்தில் சுருக்கமாக ஒன்று. கத்திய நாளில் விளக்கம் கொடுக்காதீர்கள். "களைப்பில் வந்தேன், அதனால்" என்று ஆரம்பித்தால் அது மன்னிப்பாகக் காதில் விழாது. கத்தினேன், தப்பு, அவ்வளவு. அப்புறம் கேட், முகம் கழுவுவது என்று என்ன ஏற்பாடு செய்கிறீர்களோ அதை அவரிடம் சொல்லிவிடுங்கள். நீங்கள் பேசாமல் பின்பக்கம் போவதை அவர் இன்னொரு கோபம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது; என் வீட்டில் முதல் வாரம் அப்படித்தான் ஆயிற்று.

நான் சொன்னதெல்லாம் சாதாரண வீட்டுக் கோபத்துக்கும் சாதாரணச் சோம்பலுக்கும்தான். கை ஓங்குகிற அளவுக்குப் போயிருந்தாலோ, குடி சேர்ந்திருந்தாலோ, இரண்டு வாரத்துக்கு மேலாக எதிலும் பிடிப்பில்லாமல் தூக்கமும் சாப்பாடும் கெட்டிருந்தாலோ, பழக்கம் பற்றிய யோசனை அதற்கு மருந்தாகாது. கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார நிலையத்தில்) டாக்டரைப் பாருங்கள். சுகாதார அமைச்சின் ஹீல் மனநல உதவி எண் 15555. வீட்டில் யாருக்காவது பாதுகாப்பில்லை என்றால் தாலியான் காசே உதவி எண் 15999. நீங்கள் எழுதியதில் அப்படி ஒன்றும் தெரியவில்லை, ஆனால் ஆட்கள் எல்லாவற்றையும் எழுத மாட்டார்கள், அதற்காகச் சொல்லி வைக்கிறேன்.

புத்தகம் படிப்பதை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். மூன்று காரியத்துக்கும் ஒரே நாளில் மணி கட்ட முடியாது. பூட்ஸும் கேட்டும் போதும், அவை தானாக அடிக்க ஆரம்பித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். அடுத்த மாதம் ஷிஃப்ட் ஒரு சுற்று முடிந்ததும் என்ன ஆயிற்று என்று எழுதுங்கள். நடக்கவில்லை என்றால் நடக்கவில்லை என்றே எழுதுங்கள், அப்போதுதான் எந்த இடத்தில் மாற்றிக் கட்டுவது என்று பார்க்க முடியும்.